நாய்க்கு மூத்திர மாத்திரையா, ஊசியா, டிரிப்ஸா? கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மருந்துக்கடை ஒரு கால்நடை மருத்துவமனைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. மனிதர்களுக்கான கடைதான். ஆனால் நாய்களின் இதய நோய்க்கு எழுதும் மருந்துகளில் பல மனிதர் மருந்துகளே என்பதால், சீட்டை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து எங்களிடம் வருவார்கள். நோயாளி பெயர் எழுதும் இடத்தில் 'டாமி, ஸ்பிட்ஸ், 9 வயது' என்றிருக்கும். டாக்டரிடம் கேட்க விட்டுப்போனதெல்லாம் கவுண்டரில்தான் வெளியே வரும். திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் வருவதால் எழுதி வைத்துவிட்டேன்.

நான் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. எங்கள் வீட்டு ஸ்பிட்ஸும் கடைசி இரண்டு வருடம் இதே மாத்திரையில் ஓடியது, அந்த அனுபவமும் உண்டு. கீழே வரும் அளவுகள் எல்லாம் சீட்டைப் புரிந்துகொள்ளத்தான். உங்கள் நாய்க்கு எவ்வளவு என்பதை அதைத் தொட்டுப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எங்க நாய் நல்லாத்தானே மூத்திரம் போகுது, அதுக்கு எதுக்கு மூத்திர மாத்திரை?

கோளாறு மூத்திரத்தில் இல்லை, நெஞ்சில். வயதான சின்ன ரக நாய்களுக்கு இதயத்தின் இடப்பக்க வால்வு தடித்துப்போய்ச் சரியாக மூடாது. ரத்தம் பின்பக்கம் கசியும், அந்த அழுத்தம் நுரையீரல்வரை போய் அங்கே நீர் கோத்துக்கொள்ளும். நாய் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு இளைக்கும். டாபர்மேன் போன்ற பெரிய நாய்களுக்கு இதயத் தசையே தளர்ந்து இதே நிலை வரும்.

ஃபுரோசமைட் என்ற மருந்து (லேசிக்ஸ் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்) சிறுநீரகத்தில் உப்பு திரும்ப உடம்புக்குள் போகும் ஒரு வாசலை அடைக்கிறது. உப்பு வெளியே போகும்போது தண்ணீரும் கூடவே போகும். ரத்தத்தில் நீர் குறையக் குறைய நுரையீரலில் கோத்தது வடியும். இது வால்வைச் சரி செய்யாது. கூடவே பிமோபெண்டான் மாதிரி மாத்திரை எழுதியிருந்தால் அது இதயத்துக்கு, இது நீருக்கு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது.

மாத்திரை, தோல்ல ஊசி, நரம்புல ஊசி, எல்லாம் ஒரே மருந்துதானே? என்ன வித்தியாசம்?

மருந்து ஒன்றுதான், கடிகாரம் வேறு. நரம்பில் போட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை தொடங்கும், அரை மணியில் உச்சம், இரண்டு மூன்று மணி நேரத்தில் அடங்கிவிடும். மாத்திரை தொடங்கவே ஒரு மணி நேரம் பிடிக்கும், உச்சம் ஒன்று முதல் இரண்டு மணிக்குள், ஏறக்குறைய ஆறு மணி நேரம் நிற்கும். லேசிக்ஸ் என்ற பெயரே ஆறு மணி நேரம் நிற்பதால் வந்தது என்பார்கள். சதையிலும் தோலுக்கடியிலும் போடும் ஊசி இந்த இரண்டுக்கும் நடுவில்.

இன்னொரு வித்தியாசம், போய்ச் சேரும் பங்கு. நரம்பில் போட்ட மருந்து முழுவதும் ரத்தத்தில் இருக்கும். மாத்திரையில் ஒரு பகுதி குடலைத் தாண்டுவதே இல்லை. எவ்வளவு தாண்டும் என்பது நாய்க்கு நாய் மாறும், அதே நாய்க்கே நாளுக்கு நாள் மாறும். பக்கத்து வீட்டுப் பக் நாய்க்கு அரை மாத்திரை போதுமாக இருக்கிறதே, எங்களுக்கு ஏன் முக்கால் என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

அப்போ ஊசிதானே பலம்? தினமும் ஊசியே போட்டுடலாமே?

ஊசி வேகம். ஆனால் வேகமாக வந்தது வேகமாகவே போய்விடும். மூச்சு விட முடியாமல் வாய் திறந்து இளைக்கும் நாய்க்கு ஒரு மணி நேரம் காத்திருக்க நேரமில்லை. அதன் வாயைப் பிடித்து மாத்திரை திணிப்பதே ஆபத்து. அங்கே ஊசிதான். நாக்கு நீலம் பாய்ந்த நாயை வைத்துக்கொண்டு 'முதல்ல ஒரு மாத்திரை கொடுங்க' என்று கவுண்டரில் நிற்பவர்களை நான் எதிர்ப்பக்கம் துரத்திவிடுவேன்.

மூச்சு சீரான பிறகு வேண்டியது வேகம் இல்லை, தினமும் ஒரே சீராக நீர் வெளியேறுவது. அதற்கு மாத்திரை போதும். தினமும் குத்தினால் நாய் உங்களைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய்விடும், அதுவும் ஒரு கணக்குதான்.

ஆஸ்பத்திரியில ஊசியா போடாம மெஷின் வச்சுச் சொட்டுச் சொட்டா ஏத்துறாங்க. பில்லு ஏத்தவா?

இந்தக் கேள்வியை மெதுவான குரலில்தான் கேட்பார்கள். இல்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. நரம்பு ஊசி இரண்டு மூன்று மணியில் அடங்கிவிடும் என்று மேலே சொன்னேன். அடங்கியதும் உடம்பு சும்மா இருக்காது, போன உப்பை மீட்கச் சிறுநீரகம் மும்முரமாக இறங்கிவிடும். அடுத்த ஊசி வருவதற்குள் பாதியை மீட்டுக்கொள்ளும். சிரிஞ்ச் பம்ப் வைத்து விடாமல் ஏற்றினால் அந்த இடைவெளியே இல்லை.

2003ல் வெளியான ஒரு ஆய்வில் ஆரோக்கியமான கிரேஹவுண்டு நாய்களுக்கு ஒரே மொத்த அளவு மருந்தை இரண்டு விதமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். விட்டு விட்டுப் போட்ட ஊசியைவிடத் தொடர்ந்து ஏற்றியதில் நீர் அதிகம் பிரிந்தது, பொட்டாசியம் இழப்போ குறைவாக இருந்தது. நோயுள்ள நாய் வேறு, ஆரோக்கியமான நாய் வேறு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் திசை தெரிகிறது.

அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரியின் 2019 வழிகாட்டியில் இரண்டு வழியுமே இருக்கின்றன. முதலில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் ஊசி. மூச்சு தணியும்வரை மணிக்கொரு முறை அதையே திரும்பப் போடலாம், நான்கு மணி நேரத்தில் மொத்தம் கிலோவுக்கு 8 மில்லிகிராம்வரை. உயிருக்கே ஆபத்தான நிலையில், முதல் ஊசிக்குப் பின் மணிக்குக் கிலோவுக்கு 0.66 முதல் 1 மில்லிகிராம் கணக்கில் தொடர்ந்து ஏற்றலாம். பம்ப் வேண்டும், ஆக்சிஜன் வேண்டும், ராத்திரி பக்கத்திலேயே ஆள் வேண்டும். காசு கூடுவது அங்கேதான், மருந்தில் இல்லை. ஊசி மருந்து மலிவு.

மாத்திரையைச் சோத்துல வச்சுக் கொடுக்கலாமா, வெறும் வயித்துலயா?

ஃபுரோசமைட் எப்படிக் கொடுத்தாலும் பரவாயில்லை, தினமும் ஒரே மாதிரி கொடுங்கள். ஒரு நாள் வெறும் வயிற்றில், மறுநாள் தயிர்சாதத்தில் என்று மாற்றினால் குடலைத் தாண்டும் பங்கும் மாறும். சீட்டில் ஸ்பைரோனோலாக்டோனும் (இதுவும் ஒரு மூத்திர மருந்துதான், வேறு வகை) இருந்தால் அதைச் சாப்பாட்டோடு கொடுப்பது நல்லது, அப்போதுதான் நன்றாக ஏறும். பிமோபெண்டானுக்கு நேர் எதிர், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு. இது மூன்றையும் ஒரே உருண்டைக்குள் வைத்து வாயில் போடுபவர்கள்தான் அதிகம்.

எதில் வைப்பது? கருவாடு, சிப்ஸ், ஊறுகாய் எண்ணெய் வேண்டாம். உப்பை வெளியேற்றத்தான் மாத்திரை, அதை உப்புக்குள் வைத்தா கொடுப்பது? இட்லித் துண்டு, வேக வைத்த கோழி போதும். எங்கள் ஸ்பிட்ஸ் வாழைப்பழத்தை மட்டும் நக்கிச் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைச் சுத்தமாகத் துடைத்துத் தரையில் துப்பிவிடும். அப்புறம் இட்லிக்கு மாறினோம்.

நாப்பது எம்ஜி மாத்திரையை எட்டுத் துண்டா எப்படிங்க வெட்டறது?

வெட்ட முடியாது, அதுதான் உண்மை. 10 கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்றால் ஒரு வேளைக்கு 20 மில்லிகிராம், அரை மாத்திரை. 5 கிலோ நாய்க்குக் கால். இதுவரை மாத்திரை வெட்டும் பெட்டியால் சமாளிக்கலாம். அதற்கும் கீழே போனால் ஒரு துண்டு பெரிதாகவும் ஒன்று பொடியாகவும்தான் வரும். காய்கறிக் கத்தியால் வெட்டி, பாதி சமையல் மேடைக்குப் போன கதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

3 கிலோ பொமரேனியனுக்கெல்லாம் திரவ மருந்து கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள், சிரிஞ்சில் அளந்து கொடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: மனிதருக்கான திரவ மருந்து வாங்கினால் லேபிளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு விஷம். சில ஃபுரோசமைட் திரவங்களில் ஆல்கஹாலும் இருக்கும்.

ராத்திரி முழுக்க வெளிய கூட்டிட்டுப் போகச் சொல்லுது. ராத்திரி மாத்திரையை விட்டுடலாமா?

விடாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். மாத்திரை ஆறு மணி நேரம் என்ற கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். காலை 9, இரவு 9 என்று கொடுத்தால் பத்து பதினோரு மணிக்குத்தான் உச்சம், விடியற்காலைவரை நீடிக்கும். காலை 6, மாலை 6 என்றால் ஏழு எட்டு மணிக்கு நிறையப் போகும், படுக்கும் நேரத்துக்குப் பெரும்பாலும் அடங்கிவிடும். நேரத்தை நகர்த்துவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை.

வீட்டுக்குள் போய்விட்டது என்று அடிக்காதீர்கள். நாயால் அடக்க முடியாது.

தண்ணியக் குறைச்சா மூத்திரமும் குறையும்ல?

கூடவே கூடாது. மாத்திரை தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், உள்ளே வராவிட்டால் சிறுநீரகம் காய்ந்துபோகும். கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும். குடிக்காமலே படுத்திருக்கிறது, சாப்பாடும் வேண்டாம் என்கிறது, வாந்தி, பேதி என்றால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

ஒரு வேளை மறந்துட்டேன், சேர்த்துக் கொடுத்துடலாமா?

இரண்டு வேளையைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். ஞாபகம் வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கியிருந்தால் அதை மட்டும் கொடுங்கள். கொடுத்த சில நிமிடங்களில் வாந்தியில் மாத்திரை முழுசாக வந்தால் மறுபடி கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வந்ததா இல்லையா என்று தெரியாவிட்டால் மூச்சை எண்ணுங்கள். எப்படி என்று இன்னும் கொஞ்சம் கீழே.

லேசிக்ஸை நிறுத்திட்டு டைட்டர் எழுதியிருக்கார். அதே இருபது எம்ஜிதானே, குடுங்க.

இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான். டைட்டரில் இருப்பது டோர்செமைட். வேலை அதேதான், ஆனால் எடைக்கு எடை பத்து முதல் இருபது மடங்கு பலம். ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் ஃபுரோசமைட் சாப்பிட்ட நாய்க்கு டோர்செமைட் 2 முதல் 4 மில்லிகிராம்தான் வரும். பழைய சீட்டின் '20'ஐப் புதிய மாத்திரையில் தேடினால், சந்தையில் 20 மில்லிகிராம் டோர்செமைட்டும் கிடைக்கும் என்பதுதான் ஆபத்து. அதைக் கொடுத்தால் நாய் ஒரே நாளில் காய்ந்து சுருண்டுவிடும். ஒருவர் சீட்டை வீட்டில் விட்டுவிட்டு வாய்க்கணக்கில் இப்படிக் கேட்டார். நான் தரவில்லை. திட்டிக்கொண்டே போனவர் மறுநாள் சீட்டோடு வந்தார், அதில் இருந்தது 5 மில்லிகிராமில் பாதி.

ஏன் மாற்றுகிறார்கள்? டோர்செமைட் குடலில் சீராக ஏறும், பன்னிரண்டு மணி நேரம்வரை நிற்கும். மருந்து இல்லாத இடைவெளியில் சிறுநீரகம் உப்பை மீட்கும் என்று சொன்னேனே, அது இதில் குறைவு. 2017ல் 366 நாய்களை வைத்துச் செய்த டெஸ்ட் என்ற ஆய்வில், நாளுக்கு ஒரு வேளை டோர்செமைட் கொடுத்ததும் வழக்கமான ஃபுரோசமைட்டுக்குச் சளைக்கவில்லை. அப்படியானால் எல்லோருக்கும் இதையே கொடுக்கலாமே என்றால், பலம் கூடியது என்பதால் சிறுநீரகத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பல டாக்டர்கள் ஃபுரோசமைட் அளவு ஏறிக்கொண்டே போகும்போதுதான் இதற்கு வருகிறார்கள்.

இன்னொன்று. பெயரோடு 'ப்ளஸ்' என்று ஒட்டியிருந்தால் அது வேறு மாத்திரை. டைட்டர் ப்ளஸ்ஸில் ஸ்பைரோனோலாக்டோனும் சேர்ந்திருக்கும். லாசிலாக்டோனும் அப்படியே, அதில் ஃபுரோசமைட்டோடு ஸ்பைரோனோலாக்டோன். கடையில் 'அது இல்ல, இது இருக்கு' என்றால் வாங்காமல் டாக்டரைக் கேளுங்கள்.

வயித்துல தண்ணி கோத்துருச்சு. மாத்திரை ஏத்தியும் வேலையே செய்யல, ஏன்?

இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்தால் நீர் வயிற்றில் கோக்கும். அப்போது குடல் சுவரும் ஊதிப்போயிருக்கும். மாத்திரை அந்த ஊறிய சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும், அதனால் மெதுவாகவும் குறைவாகவும் ஏறும். அளவைக் கூட்டியும் பலன் தெரியாததற்கு இது ஒரு காரணம். இந்த இடத்தில் டாக்டர் ஒரு வேளை மாத்திரைக்குப் பதில் தோலுக்கடியில் ஊசி போடச் சொல்லலாம், டோர்செமைட்டுக்கு மாற்றலாம், ஸ்பைரோனோலாக்டோன் சேர்க்கலாம். வயிறு டமாரம் போல் இறுகி மூச்சை அமுக்கினால் ஊசி வைத்து நீரை நேரடியாக எடுப்பதே நாய்க்கு உடனடி நிம்மதி.

இரண்டாவது காரணம், உடம்பே பழகிப்போவது. மாதக்கணக்கில் கொடுக்கும்போது சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்க வேறு வழி கண்டுபிடித்துவிடும். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 8 மில்லிகிராம் ஃபுரோசமைட்டுக்கு மேல் போயும் அடங்கவில்லை என்றால் நோய் கடைசிக் கட்டத்தில் இருப்பதாக, மேலே சொன்ன வழிகாட்டி வகைப்படுத்துகிறது. வயிற்று நீர் கல்லீரல் கோளாறிலும் வரும், ரத்தத்தில் புரதம் குறைந்தாலும் வரும். ஸ்கேன் எடுக்காமல் மூத்திர மாத்திரையை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை.

ராத்திரி திடீர்னு இளைச்சா என்ன பண்றது? ஊசியை வீட்டுலயே வச்சுக்கலாமா?

முதலில் மூச்சு எண்ணப் பழகுங்கள். நாய் நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவது ஒரு எண்ணிக்கை. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குக் கீழே இருக்க வேண்டும். கனவு கண்டு காலை உதறும்போது எண்ணாதீர்கள், வெளியே விளையாடிவிட்டு வந்ததும் எண்ணாதீர்கள். நாங்கள் காலண்டர் தாளில் தினமும் குறித்துவைத்தோம், 22, 24, 23 என்று போனது ஒரு தீபாவளி வாரத்தில் 34, 38 என்று ஏறியது. இருமல்கூட வரவில்லை. அந்தத் தாளைப் பார்த்ததும் டாக்டர் உடனே எக்ஸ்ரே எடுத்தார், நீர் கோத்திருந்தது.

30ஐத் தாண்டியே நின்றால் கூடுதலாக ஒரு வேளை மாத்திரை கொடுக்கலாம் என்று சில டாக்டர்கள் முன்கூட்டியே எழுதித் தருவார்கள். எழுதித் தந்தால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பத்திரி தூரத்தில் உள்ளவர்களுக்கு ஊசியும் எழுதித் தருவதுண்டு. ஆம்பூலில் (ஊசி மருந்து இருக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி) ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம், 2 மில்லி இருக்கும். மில்லிகிராமையும் மில்லியையும் குழப்பாமல், எவ்வளவு மில்லி என்று சிரிஞ்சிலேயே கோடு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிடரியில் தோலைக் கூடாரம் போலத் தூக்கி அடியில் போடுவது தோல் ஊசி. கொஞ்சம் எரியும், நாய் திரும்பிப் பார்க்கும். நரம்பில் நீங்கள் போடவே கூடாது. வேகமாக ஏற்றினால் காது கேட்காமல் போகும் அபாயமும் உண்டு. ஆம்பூலை வெளிச்சம் படாமல் வையுங்கள், மருந்து மஞ்சளாகியிருந்தால் தூக்கிப் போடுங்கள். நாக்கு நீலமாகிவிட்டால் ஊசி போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம், வண்டியை எடுங்கள்.

கிரியாட்டினின் ஏறிடுச்சு. மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்குது, நிறுத்திட்டேன்.

நிறுத்திய பிறகுதான் பலர் சொல்கிறார்கள். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு. அது கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததுதான். உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறையும். நாய் சாப்பிடுகிறது, ஆடுகிறது, மூச்சு 30க்குக் கீழே என்றால் டாக்டர் பெரும்பாலும் அளவை லேசாகக் குறைத்துப் பார்ப்பார். ஒரேயடியாக நிறுத்தினால் ஓரிரு நாளில் நுரையீரலில் நீர் திரும்பிவிடும், மறுபடி பம்ப், ஆக்சிஜன், ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி. மருந்து தொடங்கியபோதும் அளவு மாற்றியபோதும் இரண்டு வாரத்துக்குள் கிரியாட்டினின், பொட்டாசியம் பார்த்துவிடுவது இதற்காகத்தான்.

கிரியாட்டினினை உண்மையில் ஏற்றும் இன்னொரு ஆள் வீட்டிலேயே இருப்பார்: மூட்டு வலி மாத்திரை. வயதான நாய் நொண்டுகிறது என்று நாமே கொடுக்கும் வலி மாத்திரை மூத்திர மருந்தின் வேலையையும் குறைக்கும், சிறுநீரகத்தையும் அடிக்கும். மனிதர் வலி மாத்திரை நாய்க்குத் தனியாகவே விஷம்.

இருமல் நிக்கவே இல்ல. இன்னும் கால் மாத்திரை ஏத்தலாமா?

இருமலுக்கும் நீருக்கும் எப்போதும் தொடர்பு இருக்காது. சின்ன ரக நாய்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து தட்டையாவதால் வாத்து கத்துவது போல் இருமல் வரும். வீங்கிய இதயம் மூச்சுக்குழாயை அமுக்கினாலும் இருமும். இரண்டிலும் நீர் இல்லை, மாத்திரையை ஏற்றினால் காய்வதுதான் மிச்சம். தூங்கும்போது மூச்சு 20களிலேயே இருக்கிறது, ஆனால் இருமல் என்றால் காலண்டர் தாளோடு போய்க் கேளுங்கள்.

மிச்சம் இருக்கிற மாத்திரையைத் திருப்பி எடுத்துக்குவீங்களா?

இதைக் கேட்பவரிடம் நாங்கள் நாயைப் பற்றி விசாரிப்பதில்லை. வெட்டாத முழு அட்டை, பில், காலாவதித் தேதி இருந்தால் எடுத்துக்கொள்கிறோம். வெட்டிய துண்டுகளையும் உடைக்காத ஆம்பூலையும் தனியாகக் கட்டிக் கொடுத்துவிடுங்கள், நாங்களே அப்புறப்படுத்திவிடுகிறோம். தெருவில் இருமும் நாய்க்குப் போடலாமே என்று மட்டும் நினைக்காதீர்கள்.